மூணு தேதி, ஒரு சின்ன ப்ரோக்ராம்: முகாம்களுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டாமா?



கிரிவலம் போறப்ப அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1983 முதல் அலை அலையாகக் கடல் தாண்டி வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் இடங்கள் இவை. 2021-ல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேருக்கு மேல் இருந்தாங்க.

"அவங்களுக்கு ஒரு ஆப் செஞ்சு கொடுத்துடலாம்"னு நமக்கு உடனே தோணும். கொஞ்சம் பொறுங்க. என்ன தகவல் தேவைன்னு முதல்ல பார்ப்போம்.

ஒரு தேதி என்ன செய்யும்?

இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955, பிரிவு 3. இதை மூணு 'இஃப்' கண்டிஷனாகவே எழுதிடலாம்.

1. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன்.
2. 1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவர்: பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும்.
3. 3.12.2004 முதல் பிறந்தவர்: இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி, 2022 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர் முதல் கண்டிஷனிலேயே வந்துவிடுகிறார். அதாவது, பிறந்த நாளிலிருந்தே அவர் இந்தியர். அது ஊர்ஜிதமாக 36 வருஷம் ஆச்சு! சட்டம் எங்கேயும் ஒளிஞ்சிருக்கலை. அது ஒருவருடைய பிறந்த தேதியோடு சேர்த்து, அவருக்குப் புரியும் தமிழில் போய்ச் சேர்ந்தால்தான் அதுக்குப் பேர் தகவல்.

இன்னொண்ணு நம்ம துறை சம்பந்தப்பட்டது. முகாம் மாணவர்களில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குப் பொறியியல் படிப்புக்கான கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். கலந்தாய்வு முடிந்த பிறகு இது ஒரு பிளஸ் டூ மாணவிக்குத் தெரிஞ்சு என்ன பயன்?

வதந்தி வேகமா ஓடும்

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது. 9.1.2015-க்குள் இந்தியா வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான விதிகளிலிருந்து விலக்கு. நல்ல செய்திதான். ஆனால் இது குடியுரிமை இல்லை. இதையே வாட்ஸ்அப்பில் "எல்லாருக்கும் குடியுரிமை"ன்னு ஒருத்தர் ஃபார்வர்ட் செய்தால், நம்பி ஏஜென்ட்டிடம் பணம் கட்ட ஆள் இருப்பாங்க.

அப்போ எப்படிச் செய்யணும்?

*தேதியும் மூலமும்:* ஒவ்வொரு பதிலின் கீழும் எந்த ஆணை, எப்போது சரிபார்த்தது என்று போடுங்க. பழைய பதில் தப்பான பதிலைவிட ஆபத்து. பார்க்க சரியாவே இருக்கும்.

*குரல்:* சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரண போனிலேயே செய்தி கேட்கவும் பதிவு செய்யவும் வழி செய்தது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது போதும். ஸ்மார்ட்போன் இருப்பவர்களுக்கு, நெட் இல்லாமலும் திறக்கும் ஒரு சின்ன வலைப்பக்கம்.

*சேமிக்காதீங்க:* பிறந்த தேதியைக் கேட்டு, கணக்கை போனுக்குள்ளேயே முடிச்சிடுங்க. பெயர், முகாம், அடையாள எண் எதுவும் உங்க சர்வருக்கு வரவே கூடாது. ஏற்கெனவே பதிவேடுகளிலேயே வாழ்பவர்கள் அவர்கள். நாம் இன்னொரு பதிவேடு திறக்க வேண்டாம்.

*தீர்ப்பு சொல்லாதீங்க:* "நீங்கள் இந்தியர்"னு ப்ரோக்ராம் சொல்லக்கூடாது. "முதல் விதி உங்களுக்குப் பொருந்தலாம், பிறப்புச் சான்றிதழோடு சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்" என்று வழிகாட்டினால் போதும். அந்தச் சேவை இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

நம்ம வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்வு நாள் நடக்குது. எந்த மனுவுக்கு என்ன ஆவணம் வேணும் என்ற ஒரே ஒரு பக்கத்தோடு தொடங்கலாம். கோடிங் ஒரு ராத்திரி வேலை. முகாமில் இருப்பவர்களிடம் "உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று கேட்டு உட்காருவதுதான் செமஸ்டர் முழுக்கச் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட். இறுதியாண்டு தலைப்பு தேடுறீங்களா? இதோ இருக்கு.