வாயில் நுழையாத மூளைச் சொற்கள்



அறிவியல் பாடத்தில் நரம்பு மண்டலம் என்ற பகுதி வந்தாலே நம் வகுப்பில் ஒரு பெருமூச்சு எழும். படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதுகூடப் பரவாயில்லை. எழுந்து நின்று அந்தப் பெயர்களை வாசிப்பதுதான் பெரும்பாடு. ‘மெடுல்லா ஆப்லாங்கேட்டா’ என்று ஒருத்தி தடுமாறினால் வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கடந்த தவக்காலத்திற்குப் பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. அதன் காரணத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் அம்மாச்சிக்கு வயது எழுபத்தெட்டு. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து ஜெபமாலையை எடுக்கக் கை நீட்டினார்கள், வலக்கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சும் குழறியது. பக்கவாதம் என்றார்கள். மருத்துவமனையில் சில நாட்கள் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாமா பணம் கட்டவும், மருந்து வாங்கவும், வண்டி பிடிக்கவும் ஓடிக் கொண்டிருந்தார். நர்ஸ் சொன்னதில் பாதி அவர் காதில் விழுந்தது, பாதி விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டை என் கையில் கொடுத்து, “நீதானே இங்கிலீஷ் மீடியம்? வாசித்துச் சொல்லு” என்றார்.

நான் வாசித்தேன். மருந்துகளின் பெயர்களை ஓரளவு சமாளித்தேன். நடுவில் ‘டிஸ்’ என்று தொடங்கும் ஒரு நீண்ட சொல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. “டிஸ்ஃபேஸியா! இது வினாடி வினாவில் வந்த சொல். பேசுவதில் சிரமம் என்று அர்த்தம்” என்றேன். அம்மாச்சியின் பேச்சு குழறிக் கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. “பேச்சு மெதுவாகத் திரும்பும்” என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள்.

மறுநாள் காலை அம்மா ஒரு தம்ளர் காப்பியை ஆற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது மடக்கிலேயே புரை ஏறியது. சாதாரணப் புரை அல்ல. அம்மாச்சிக்கு மூச்சுத் திணறியது, முகம் கறுத்தது, இருமவும் பலம் இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ் அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து, அம்மாச்சியை நிமிர்த்தி உட்கார வைத்து, சற்று முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இருமச் செய்தார். எல்லாம் அடங்கிய பின் சீட்டை வாங்கிப் பார்த்தார். “டிஸ்ஃபேஜியா என்றல்லவா போட்டிருக்கிறது? விழுங்குவதில் சிரமம் என்று அர்த்தம். தண்ணீராக எதையும் கொடுக்கக் கூடாது, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறதே!” என்றார்.

எஸ் என்ற எழுத்து இருந்தால் பேச்சு. ஜி என்ற எழுத்து இருந்தால் விழுங்கல். மற்ற எழுத்துகள் எல்லாம் ஒன்றே. அந்த ஓர் எழுத்தை நான் பார்க்கவே இல்லை. வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அன்று நர்ஸ் அக்கா விளக்கியதை இங்கே எழுதுகிறேன். எந்த வீட்டிலும் தேவைப்படலாம். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, அதன் மூடி சாய்ந்து மூச்சுக் குழாயின் வாயிலை அடைத்துக் கொள்ளும். உணவு பின்னால் இருக்கும் உணவுக்குழாயில் இறங்கும். கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும் இந்த வேலைக்குப் பல தசைகளும் பல நரம்புகளும் ஒன்றுகூட வேண்டும். பக்கவாதத்தில் இந்த ஒழுங்கு குலையலாம். அப்போது தண்ணீர், காப்பி போன்றவைதான் அதிக ஆபத்து. ஏனென்றால் மூடி சாய்வதற்குள் அவை ஓடிவிடும். நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரும். கெட்டியான கஞ்சி மெதுவாக இறங்குவதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு கெட்டி என்பதை அந்த நோயாளியைச் சோதித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு வந்து இதை எங்கள் சிஸ்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர்கள் வயதானவர்கள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் இலத்தீன் மொழியில் திருப்பலி நடந்த காலத்தில் சிறுமியாக இருந்தவர்கள். “ஏம்மா, ஃபேகோசைட் என்றால் என்ன?” என்று கேட்டார்கள். கிருமிகளை விழுங்கும் செல் என்றேன். “ஈஸோஃபேகஸ்?” உணவுக்குழாய் என்றேன். “இரண்டிலும் ஃபேக் இருக்கிறதே! கிரேக்கத்தில் அதற்கு உண்பது என்று பொருள். டிஸ் என்றால் கோளாறு, சிரமம். உனக்குத் தெரிந்த சொல்தான். உடைத்துப் பார்க்காமல் விழுங்கிவிட்டாய்” என்றார்கள்.

அது உண்மை. ஃபேகோசைட்டில் ‘க’ என்று ஒலிக்கும் எழுத்து டிஸ்ஃபேஜியாவில் ‘ஜ’ என்று ஒலிக்கிறது. அதனால்தான் உறவு தெரியவில்லை. மருத்துவச் சொற்களில் சி, ஜி என்ற இரண்டு எழுத்துகளுக்குப் பின் இ, ஐ, ஒய் வந்தால் அவை பெரும்பாலும் மெலிந்து ‘ஸ’ என்றும் ‘ஜ’ என்றும் ஒலிக்கும். ஏ, ஓ, யு வந்தால் ‘க’ என்று வலிக்கும். செரிப்ரம், கார்டெக்ஸ் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதித் தடுமாற்றம் போய்விடும். நியூமோனியாவுக்கு முன்னால் வாய் பேசாமல் நிற்கும் ‘பி’ எழுத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சிஸ்டர் அன்று முதல் மதிய இடைவேளையில் எங்கள் சிலருக்கு இந்தச் சொற்களைச் சொல்லித் தந்தார்கள். மூளையைச் சுற்றி மூன்று உறைகள் இருப்பதை நாம் படித்திருக்கிறோம். வெளியே இருப்பது ‘டியூரா மேட்டர்’ என்றதும் ஒரு தோழி, “என்ன மேட்டர் சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டாள். சிஸ்டரும் சிரித்தார்கள். பிறகு, “அது இலத்தீன் மாத்தெர். தாய் என்று அர்த்தம்” என்றார்கள். டியூரா மேட்டர் என்றால் கடினமான தாய். உள்ளே மூளையோடு ஒட்டியிருக்கும் பையா மேட்டர் என்றால் கனிவான தாய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரக்னாய்டு உறை சிலந்தி வலை போன்றது.

தாய் எப்படி மண்டை ஓட்டுக்குள் வந்தாள்? பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலி இப்னு அப்பாஸ் என்ற பாரசீக மருத்துவர், அரபு மொழியில் எழுதிய பெரிய மருத்துவ நூலில் இந்த உறைகளை மூளையின் தாய் என்றே குறிப்பிட்டார். ஒன்றைப் பொதிந்து காப்பதைத் தாய் என்று சொல்வது அந்த மொழியின் வழக்கம். 1127-இல் அந்தியோக்கியா நகர ஸ்தேபான் என்பவர் அந்த நூலை இலத்தீனில் பெயர்த்தபோது தாயையும் அப்படியே கொண்டு வந்தார். மெல்லிய என்று பொருள்படும் அரபுச் சொல்லுக்குத்தான் ‘பையா’ என்று போட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பக்தியுள்ள என்றும் பொருள் உண்டு. ஆக, நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் கண்டிப்பான தாய் வெளியேயும் பக்தியுள்ள தாய் உள்ளேயும் இருக்கிறார்கள். நம் விடுதியைப் போலத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

‘கார்பஸ் கலோசம்’ என்பதில் வரும் கார்பஸும் நமக்குப் பழக்கமானதே. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை அந்தக் காலத்தில் கார்ப்புஸ் கிறிஸ்தி என்பார்களாம். கார்பஸ் என்றால் உடல். கலோசம் என்றால் தடித்தது. மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்க்கும் இந்தத் தடித்த பட்டையில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன.

மூளையை முதலில் அறுத்துப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் வீட்டுப் பொருள்களின் பெயரால் அழைத்திருக்கிறார்கள். ‘தலாமஸ்’ என்றால் உள்ளறை. ‘பான்ஸ்’ என்றால் பாலம். ‘அமிக்டலா’ என்றால் வாதுமைக் கொட்டை. நமக்குப் பயம் தோன்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நரம்புச் செல்லின் ‘டென்ட்ரைட்’ கிளைகளுக்கு மரத்தின் பெயர். ‘ஆக்ஸான்’ என்பது வண்டியின் அச்சு. கார்டெக்ஸ் என்றால் மரப்பட்டை. தமிழில் அதைப் பெருமூளைப் புறணி என்கிறோம். புறணி என்ற நம் சொல்லுக்கும் மரப்பட்டை என்ற பொருள் இருக்கிறது. நமக்குப் புறணி பேசுவது மட்டும்தான் தெரியும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹிப்போகேம்பஸ்’. அதற்குக் கடற்குதிரை என்று பொருள். 1587-இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இருந்த அரான்சி என்ற உடற்கூற்று ஆசிரியர், வளைந்து சுருண்டிருந்த அந்தப் பகுதியைப் பார்த்துக் கடற்குதிரையை நினைத்தார். அது என்ன வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இருபத்தேழு வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோயைத் தணிக்க ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இரு பக்கத்திலும் கடற்குதிரையின் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதையும் அவரால் மனத்தில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் பல ஆண்டுகள் அவரைச் சோதித்து வந்தார்; ஒவ்வொரு முறையும் மொலைசனுக்கு அவர் புதிய முகமே. ஆயினும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மட்டும் மொலைசனின் கை நாளுக்கு நாள் தேறியது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைக்கு மட்டும் நினைவிருந்தது! 2008-இல் அவர் இறக்கும்வரை இப்படியே வாழ்ந்தார். நினைவு என்பது ஒன்றல்ல, பல வகை என்று உலகம் அறிந்தது இவரால்தான். கடற்குதிரை என்ற பெயரை இனி நான் மறக்க மாட்டேன்.

நீளமான சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘ஸ்டெர்னோ-கிளைடோ-மாஸ்டாய்டு’. ஒரே மூச்சில் சொல்ல முயன்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தலையை வலப்பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கயிறு போல ஒரு தசை புடைக்கிறதா? கீழே அது மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் பற்றியிருக்கிறது. அவைதாம் ஸ்டெர்னோவும் கிளைடோவும். மேலே காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டில் போய்ச் சேருகிறது, அது மாஸ்டாய்டு. பெயரே ஊர் விலாசம் போல எங்கிருந்து எங்கே என்று சொல்லிவிடுகிறது. விரலால் தொட்டுக்கொண்டே மூன்று துண்டாகச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

ஓர் எழுத்தில் உயிர் தொங்கும் சொற்கள் இன்னும் உண்டு. ‘ஹைப்போ’ என்றால் கீழே, குறைவு. ‘ஹைப்பர்’ என்றால் மேலே, மிகுதி. ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது, உடனே சர்க்கரை தர வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்றால் அதற்கு நேர் எதிர். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் யாராவது ஒருவர் திருத்தமாகச் சொல்லப் பழக வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைத்துக்கொள்ள முடியும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், தாமே தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் மொழிபெயர்த்தார். சிறுமூளை, முகுளம், தண்டுவடம் என்று நாம் சொல்லும்போது அஞ்ச ஏதுமில்லை. ஆயினும் மருத்துவமனைச் சீட்டு இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதுவரை வீட்டில் ஒருவர் அதை உடைத்து வாசிக்கத்தான் வேண்டும். புரியாவிட்டால், எனக்குத் தெரியும் என்று சொல்லாமல், தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். எனக்கு வராமல் போனது அதுதான்.

அம்மாச்சி தொண்டைக்கான பயிற்சிகளைத் தினமும் செய்தார்கள். சென்ற மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சீட்டை அங்கேயே நின்று வாசித்தேன். தெரியாத இரண்டு சொற்களை டாக்டரிடமே கேட்டுக்கொண்டேன். இனிக் காப்பி குடிக்கலாம், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து சிறு சிறு மடக்காக என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சி தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, “எனக்கு வந்த வியாதிக்கு என்ன கண்ணு பேரு?” என்றார்கள்.

“டிஸ்-ஃபே-ஜி-யா, அம்மாச்சி.”

“டிஸ்... பேச்சியா?”

“பேச்சியா என்றால் அது பேச்சு வராத வியாதி. உங்களுக்கு ஜலம் இறங்காத வியாதி. ஜ!”

“என்னமோ போ, எங்க ஊரில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள்” என்று சொல்லிவிட்டு, அம்மாச்சி முதல் மடக்கை மெதுவாக விழுங்கினார்கள். நாங்கள் எல்லோரும் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு