நீலகிரி அடுக்களையும் மின்கலச் சேமிப்பும்

மழை பெய்தால் மின்சாரம் பிறக்கிறது; மழை பெய்தால் மின்சாரம் நின்றும் போகிறது. முரண்போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் நீலகிரி மலைக்கு முற்றிலும் பொருந்துவனவாகும்.

பைக்காரா ஆற்று நீரை மலைமுகட்டிலிருந்து குழாய் வழியே 900 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் திட்டம் 1932-ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. அம்மின்சாரம் கோவை மாநகரின் பஞ்சாலைகளை இயக்கியது. விடுதலைக்குப் பின்னர்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. சமவெளிக்கு ஒளி வழங்கிய மலை இது.

ஆயினும் அம்மலையின் இல்லங்களே இருளில் மூழ்கும் நாள்கள் உண்டு. காற்றில் கற்பூர மரங்கள் மின்கம்பிகளின்மேல் சாய்கின்றன. மண் சரிந்து கம்பங்கள் வீழ்கின்றன. 2009 நவம்பர் பெருமழையில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இத்தகைய வேளைகளில் பாதை திறந்து, பணியாளர் வந்து, கம்பியை இணைக்கும் வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை.

இக்காத்திருப்பின் துணையாக வீடுதோறும் வந்து சேர்ந்த கருவியே இன்வெர்ட்டர். 2008-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழகம் முழுவதும் நிலவிய மின்வெட்டு அதனை வேகமாகப் பரப்பிற்று. அதே காலத்தில், 2011-இல், விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குச் சென்றன. அவற்றின் இடத்தைப் பிடித்தவையோ மின்சாரமின்றி அசையா. எனவே, மின்கலத்தைக் கொண்டு அடுக்களைக் கருவிகளை எவ்வளவு இயக்கலாம் என்னும் வினா எழுகிறது. இக்கட்டுரை அதற்கு விடை காண முற்படுகிறது.

கருவியின் பெயரும் செயலும்

மின்கலம் தருவது எப்போதும் ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்னோட்டம். நம் வீட்டுக் கருவிகள் வேண்டுவதோ நொடிக்கு ஐம்பது சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக ஆக்கித் தருவதே இன்வெர்ட்டரின் பணி. இதனைச் சிலர் ‘மின்மாற்றி’ என எழுதுகின்றனர். அப்பெயர் மின்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ தரும் டிரான்ஸ்பார்மருக்கு உரியதாகிவிட்டது. ஆகவே இன்வெர்ட்டரை ‘மாறுதிசையாக்கி’ என்பதே பொருத்தமாகும். பெயரே செயலை விளக்குவது தமிழ்க் கலைச்சொல்லின் சிறப்பன்றோ?

இதன் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள், வாய்க்காலில் மடை மாற்றும் உழவனைப் போல, மின்னோட்டத்தை ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமும் திருப்பிவிடுகின்றன. அவ்வாறு திசை மாறும் 12 வோல்ட்டை ஒரு மின்மாற்றி 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. விலை குறைந்தவற்றில் மின்னலை சதுர வடிவாக வெளிவரும். அதில் விளக்கு எரியும். ஆனால் மோட்டார்கள் இரைச்சலிடும், மிகுதியாகச் சூடேறும். குளிர்பதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் சைன் அலை தரும் வகையே ஏற்றது.

கணக்கு அறிந்து செலவிடல்

பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டறிந்த ஈய-அமில மின்கலமே இன்றும் பல இல்லங்களில் உள்ளது. அதன்மேல் ‘12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி’ என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி வரும். இஃது ஏட்டுக் கணக்கு. மின்கலம் நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நன்று. எஞ்சிய 900-இல், மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் எனலாம். ஆக, நம் கைக்கு வருவது ஏறத்தாழ 720 வாட்-மணியே.

இனிச் செலவைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று ஆறு மணி நேரம் எரிய 162 வாட்-மணி போதும். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓட 75. 500 வாட் மிக்சி பத்து நிமிடம் சுழல ஏறத்தாழ 83. மூன்றும் சேர்ந்து 320. நம் இருப்பில் இது பாதிக்கும் குறைவே. நோன்புக் காலத்து வைகறைச் சமையலுக்கு விளக்கும் சட்னி அரைக்க மிக்சியும் வேண்டுமெனில் மின்கலம் தாராளமாகத் தாங்கும்.

ஆனால் வெப்பம் உண்டாக்கும் கருவிகளின் நிலை வேறு. உதகையில் 15 பாகை குளிர்ந்த ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க 90 வாட்-மணி வேண்டும். (உயரம் காரணமாக அங்கு நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.) அதே ஆற்றலில் மேற்கூறிய மூன்று விளக்குகளும் மூன்று மணி நேரத்திற்கு மேல் எரியும். விறகாலோ எரிவாயுவாலோ எளிதில் முடியும் பணிக்கு அரிய சேமிப்பைச் செலவிடலாமா? மேலும், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இயக்க 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 200 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அதற்கென அமைந்தவை அல்ல. அரைப்பதற்கு மின்கலம், வேகவைப்பதற்கு அடுப்பு என்பதே அடுக்களை விதியாகுக.

குளிர்பதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே அதுவும் மிக்சியும் ஒரே நேரத்தில் தொடங்காதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

குளிரும் மின்கலமும்

குளிர் மிகுந்தால் மின்கலத்தின் வேதிவினை மந்தமாகும். உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில், சமவெளியில் தரும் அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். எனினும் இயற்கை ஈடும் செய்துள்ளது: வெப்பமே மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பது, ஆதலின் மலையில் அது நீண்டு உழைக்கும். மூடுபனியின் ஈரத்தால் முனைகளில் பூக்கும் வெண்பச்சைக் கறையைத் துடைத்து வாசலைன் தடவுதல், காய்ச்சி வடித்த நீரை அளவறிந்து ஊற்றுதல் ஆகிய இரண்டும் மறவாமை வேண்டும்.

உயிர் காக்கும் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, மின்கலத்தை அடுக்களையில் வைக்கலாகாது. மின்னேற்றம் நிகழ்கையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து அடுப்பெரிக்கும் அறையில் அவ்வாயு சேருமாயின் ஒரு பொறியே போதும். காற்றோட்டமுள்ள, தீ அணுகாத இடமே அதற்கு உரியது.

இரண்டாவது, கரியடுப்பை அறையினுள் வைத்துக் குளிர் காய்வதைத் தவிர்த்தல் வேண்டும். அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு மணமின்றி, நிறமின்றிப் பரவி உறக்கத்திலேயே உயிர் குடிக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என மின்சூடேற்றியை அதில் இணைப்பதும் தீர்வன்று. மின்கலம் விரைவில் வெறுமையாகும். கம்பளியே அவ்விரவின் துணை.

மூன்றாவது எச்சரிக்கை பிறர் உயிரைப் பற்றியது. மின்சாரம் நின்றபோது சிலர் இன்வெர்ட்டரின் வெளியீட்டைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுதும் ஒளியேற்ற முயல்கின்றனர். அவ்வாறு செய்தால் மின்சாரம் வீட்டைக் கடந்து தெருக்கம்பிக்கும் பாயும். அங்குள்ள மின்மாற்றி அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். அந்நேரம் கொட்டும் மழையில், சரிந்த மண்ணின் நடுவே, கம்பியில் மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர் மின்வாரியப் பணியாளர். நம் வீட்டு விளக்கு அவர் வீட்டு விளக்கை அணைத்துவிடலாகாது. தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு, இரு மின்வழிகளையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் அமைப்பைப் பொருத்துவது இன்றியமையாதது.

முடிவுரை

அணையில் தேக்கிய நீரும் மின்கலத்தில் தேக்கிய ஆற்றலும் ஒன்றே. இரண்டும் அளவுக்கு உட்பட்டவை. தோட்டத்து லைன் வீடாயினும் நகரத்து மாடி வீடாயினும், இருப்பை அறிந்து, எது தேவை எது ஆடம்பரம் எனப் பகுத்து, பிறர்க்குத் தீங்கின்றிப் பயன்கொள்வதே அறிவுடைமை. அறிவியல் பயிலும் மாணவர் தம் வீட்டு மின்கலத்தின் எண்களை இன்றே படித்துப் பார்த்து, அடுக்களையில் பணிபுரியும் தாய்மார்க்கு இக்கணக்கை எடுத்துரைப்பாராக. வகுப்பறைக் கல்வி வாழ்க்கைக்குப் பயன்படும் இடம் அதுவே.