ஊசியா, எண்ணெயா? கல்லாவில் அமர்ந்தவரின் மன அழுத்தத்திற்கு ஏற்ற வைத்தியம் எது?



சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் வேளையில் முன்பெல்லாம் துவரம்பருப்பு விலை, எண்ணெய் டின் விலை பற்றித்தான் பேச்சு இருக்கும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "ராத்திரி தூக்கமே வரலை அண்ணாச்சி", "நெஞ்சு படபடங்குது", "கழுத்தும் தோளும் கல்லாட்டம் கிடக்கு" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஒருவர் அக்குபங்சர் போகச் சொல்கிறார். இன்னொருவர் மசாஜ்தான் சரி என்கிறார். இரண்டையும் நாம் செய்து பார்த்திருக்கிறோம், கேட்டும் படித்தும் இருக்கிறோம். அதை இங்கே எழுதுகிறோம். நாம் மருத்துவர் அல்லர், மாங்காட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். சரக்கை நிறுத்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் உண்டு. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பெரிய பாக்கி வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் இரவோடிரவாகக் கடையைக் காலி செய்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பேரேட்டைத் திறந்தபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல் இருந்தது. உள்ளங்கை வியர்த்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் சோதித்தார்கள். "இருதயம் நன்றாக இருக்கிறது. கவலைதான் இப்படிக் காட்டுகிறது" என்றார் டாக்டர். ஒரு புறம் நிம்மதி, ஒரு புறம் வெட்கம். கவலைக்கு இவ்வளவு பலமா என்று அன்றுதான் தெரிந்தது.

இதில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று. நெஞ்சு இறுகினால் அது கவலைதான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. முதலில் 108, பிறகுதான் ஊசியும் எண்ணெயும். இருதயம் அல்ல என்று டாக்டர் சொன்ன பின்பே இந்தக் கட்டுரை பயன்படும்.

ஊசி வைத்தியம்

அக்குபங்சர் சீன நாட்டு வைத்தியம். உடம்பில் ஓடும் பாதைகளில் 361 புள்ளிகள் இருப்பதாக அவர்கள் கணக்கு. நம் நாட்டுக்கு அது வந்த கதை சுவையானது. 1938இல் ஜப்பானோடு போரிட்டுக் கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழு ஒன்று சென்றது. அதில் சோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே காலமானார். அதே குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு பின்னாளில் மீண்டும் சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று வந்து கல்கத்தாவில் அதைத் தொடங்கி வைத்தார். மேலை நாட்டாருக்கு இது பரவலாகத் தெரிய வந்தது 1971இல். ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்குப் பின் வந்த வயிற்று உபாதைக்கு ஊசி குத்தினார்கள். அதை அவர் தம் பத்திரிகையில் எழுதினார். ஊசி குத்தியே மயக்கம் கொடுத்து அறுவை செய்தார்கள் என்று பலர் சொல்வது தவறு.

நாம் போன இடத்தில் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு படுக்க வைத்தார். தலைமுடி போன்ற மெல்லிய ஊசிகள். உள்மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளி, புருவ நடுவில், காதில் என்று குத்தி இருபது நிமிடம் விட்டார். வலி என்று சொல்ல முடியாது, உள்ளே கனமாக ஒரு மதமதப்பு இருந்தது. ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் இருந்த காமாட்சி அம்மன் ஊரில் இருந்துகொண்டு ஊசிக்குப் பயப்படுகிறீர்களே என்று வீட்டில் கேலி செய்தார்கள். பயம் முதல் நாளோடு போயிற்று. அன்றிரவு தூங்கினோம்.

குத்தினால் ஏன் மனம் அடங்குகிறது? ஊசி நரம்பைத் தூண்டும்போது உடம்பே வலி அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்று 1970களில் விஞ்ஞானிகள் காட்டினார்கள். வலி விஷயத்தில் அது சரி. மனப் பதற்றத்துக்கு நடந்த சோதனைகளில் பல நல்ல பலனைக் காட்டினாலும், பெரும்பாலும் சிறிய சோதனைகள். தவிர, 1998இல் ஜெர்மனியில் ஒரு போலி ஊசி செய்தார்கள். முனை மழுங்கியது, தோலில் பட்டதும் கைப்பிடிக்குள் நழுவிவிடும், பார்ப்பவருக்கு உள்ளே போனது போலவே இருக்கும். இப்படிப் போலி வைத்தியம் செய்த பல சோதனைகளில், போலி ஊசிக்காரர்களும் கணிசமாகத் தேறியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நமக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பிடித்துவிடுதல்

மசாஜ் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். புறமருத்துவ முறைகள் 32இல் அதுவும் ஒன்று. புதனும் சனியும் எண்ணெய்க் குளியல் என்று நம் தகப்பனார் காலம் வரை இருந்தது. நல்லெண்ணெயையும் சீயக்காயையும் ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டு நாம் மட்டும் அவசரக் குளியல் போட்டுக் கடை திறக்கிறோம்!

இதைப் பற்றி அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மையார் பல ஆராய்ச்சிகள் செய்தார். 1996இல் வெளிவந்த ஒன்று நம் போன்றவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. 26 பேருக்கு நாற்காலியில் உட்கார வைத்தபடியே 15 நிமிடம், வாரம் இரு முறை, ஐந்து வாரம் பிடித்துவிட்டார்கள். இன்னும் 24 பேரைச் சும்மா உட்கார்ந்து இளைப்பாறச் சொன்னார்கள். முன்னும் பின்னும் கணக்குப் போடச் சொன்னார்கள். பிடித்துவிடப்பட்டவர்கள் வேகமாகப் போட்டார்கள், தப்பும் குறைந்தது. பதற்றமும் தணிந்தது. கல்லாவில் இருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2004இல் 37 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், தொடர்ந்து பல முறை செய்துகொண்டால் பதற்றம் நன்றாகக் குறைகிறது என்றார்கள். அழுத்தத்தின் சுரப்பி நீரான கார்டிசால் மளமளவென்று இறங்குகிறது என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது மட்டும் மிகை. 2011இல் சரிபார்த்ததில் அந்த இறக்கம் மிகச் சிறியது என்று தெரிந்தது.

அடுத்ததுதான் நம்மை மிகவும் யோசிக்க வைத்தது. 2010இல் அமெரிக்காவில், நாள்பட்ட பதற்ற நோய் உள்ள 68 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ், ஒரு பிரிவுக்குக் கை கால்களில் இதமான ஒத்தடம், மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. அமைதியான அறையில் மெல்லிய இசையோடு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 12 வாரத்தில் 10 முறை. மூன்று பிரிவினரும் தேறினார்கள், மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில். போலி ஊசிக் கதையையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு, யாரும் கூப்பிடாத இடத்தில் ஒரு மணி நேரம் படுத்திருப்பதற்கே ஒரு பலன் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டு லோடு இறக்கி, இரவு பத்தரைக்கு ஷட்டர் இழுப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கிறது? காசு கொடுத்து ஊசி குத்திக்கொள்ளப் போனால்தான் கிடைக்கிறது.

தராசில் வைத்தால்

நம் அனுபவத்தில் தூக்கத்துக்கு ஊசி பரவாயில்லை. மூட்டை பார்த்து, குனிந்து சிட்டை எழுதி இறுகிப் போன கழுத்துக்கும் தோளுக்கும் பிடித்துவிடுவதே மேல். சதை இளகினால் மனமும் கொஞ்சம் இளகுகிறது. வீட்டில் செய்துகொள்ளலாம் என்பதும் அதற்கு ஒரு லாபம். ஊசியை யாரும் வீட்டில் குத்திக்கொள்ளக்கூடாது.

இரண்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பழைய ஊசியைத் திரும்பக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். உறை பிரிக்காத, ஒரே முறை பயன்படுத்தும் ஊசியா என்று கேட்டுப் பார்த்துவிட வேண்டும். மார்பிலும் முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் பட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் முன்னால் டாக்டரைக் கேட்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும். இன்னொன்று, சலூனில் தலையைத் தட்டிவிட்டுக் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுக்கிறார்களே, அதை அடியோடு விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போன கேஸ்கள் உண்டு. தலையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மனம் பொறுக்காத ஒரு விஷயம். நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் மனக்கவலைக்கென்று ஒரு வைத்தியரிடம் போனார். அவரோ "சர்க்கரை மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்துங்கள், இந்தப் புள்ளி ஒன்றே போதும்" என்றார். நம்மவரும் நிறுத்தினார். சில மாதத்தில் காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவர் கடையில் மகன் உட்கார்ந்திருக்கிறான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதய மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிற யாராக இருந்தாலும், ஊசிக்காரரோ எண்ணெய்க்காரரோ, அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பதினைந்து சிட்டிங்குக்கு முன்பணம் கேட்கிறவர்களிடமும் நாம் எச்சரிக்கைதான். பார்க்காத சரக்குக்கு நாம் முன்பணம் தருவோமா?

எங்கே போவது என்று கேட்பீர்கள். நாம் தேர்ந்துகொண்டது அரும்பாக்கம். அங்கே அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனை வளாகத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000 முதல் இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெறுகிறவர்கள். மசாஜ், அக்குபங்சர் இரண்டும் அவர்கள் படிப்பில் அடக்கம். தொக்கணம் வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, குன்றத்தூர் வழியாகப் போய்விடலாம். மாதக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, உயிர் வாழ்வதே பாரம் என்ற எண்ணம் வந்தவர்கள் இந்த இரண்டையும் நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கடன் தொல்லை தாங்காமல் தவறான முடிவுக்குப் போன நம் வணிகர்களை எண்ணி இதை எழுதுகிறோம்.

நாம் இப்போது செய்வது இவ்வளவுதான். புதன்கிழமை மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை கல்லாவை மருமகனிடம் விட்டுவிடுகிறோம். வீட்டில் நல்லெண்ணெயை மிளகு, சீரகம் போட்டுக் காய்ச்சி வைப்பார்கள். பேரன் தோளைப் பிடித்துவிடுவான், பத்து நிமிடத்துக்கு மேல் அவனுக்குப் பொறுமை கிடையாது. பிறகு வெந்நீர்க் குளியல். தூக்கம் மிகவும் கெட்டுவிட்டால் அரும்பாக்கம் போய்ச் சில முறை ஊசி. போகிறவர்கள் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.