317 கிலோவுக்குத் தங்கமா, வெள்ளியா?

கேள்வி: கோல்ஃபில் ஜாக் நிக்லாஸ் பெரியவரா, டைகர் உட்ஸ் பெரியவரா? வெவ்வேறு காலத்து சாம்பியன்களை ஒப்பிட முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: மேஜர் பட்டங்களை எண்ணினால் நிக்லாஸ் 18, உட்ஸ் 15. ஆனால் மட்டை, பந்து, மைதானம் எல்லாமே மாறிய ஆட்டம் அது. கிலோ கணக்கில் தீர்ப்பு சொல்லும் பளுதூக்குதலையே பாருங்களேன்.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கினார், தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒரு கிலோ கூடுதலாக, 329. கிடைத்தது 11ஆம் இடம். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் 317தான், மறுபடி தங்கம்! அதே 317 கிலோவைக் கிளாஸ்கோவில் தூக்கிய ஒடிசாவின் ரவிக்குமாருக்கு வெள்ளி. நான்கே ஆண்டுகளில், ஒரே பிரிவில் இந்தக் கூத்து என்றால், 1978 எட்மன்டன் காமன்வெல்த்தில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஏகாம்பரம் கருணாகரனை சதீஷோடு எப்படி நிறுத்துப் பார்ப்பது? அந்த 52 கிலோ பிரிவே இன்று இல்லை. சதீஷின் 77 கிலோ பிரிவும் 2018க்குப் பிறகு போய்விட்டது.

எனவே, கூட ஆடியவர்களை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளினார் என்றுதான் பார்க்க வேண்டும். 2000 யு.எஸ். ஓப்பனை உட்ஸ் 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். என் ஓட்டு அவருக்கே.