கையெழுத்துப் போடும் முன்: புற்றுநோய் ஆய்வு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

“எங்க அப்பாவ வச்சு டெஸ்ட் பண்ணப் பாக்குறாங்க.” புற்றுநோய் மருத்துவமனை வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பயத்தில் வரும் பேச்சு; யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விவரம் கேட்காமலே அந்தப் பயத்தோடு எழுந்து போகும் குடும்பங்கள், கிடைக்கக்கூடிய ஒரு வாய்ப்பையும் விட்டுவிட்டுப் போகின்றன.

நம்பிக்கை: ஆய்வில் சேர்ந்தால் நோயாளி வெறும் சோதனை எலி.

உண்மை: புது மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் பெயர், வயது, தொழில், ஆண்டு வருமானம் என்று கேட்டுக்கொண்டே வந்து, ‘நாமினி யார், என்ன உறவு’ என்று ஒரு வரி வரும். பல குடும்பங்கள் அங்கேதான் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றன. உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வரி நோயாளியின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. ஆய்வின் காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போகவேண்டும் என்பதற்காகவே அதைக் கேட்கிறார்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் விதிகள் இந்த இழப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கிச் சொல்லும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருக்கவேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் நோயாளிக்குத் தரப்படவேண்டும். எந்தக் கட்டத்திலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று விலகிக்கொள்ளலாம். அதன் பிறகும் வழக்கமான சிகிச்சை நிற்காது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஆய்வைத் தொடங்கவே முடியாது.

நம்பிக்கை: பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரைதான் தருவார்கள்.

உண்மை: பலன் நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவிட்டுப் போலி மாத்திரை கொடுப்பதை மருத்துவ நெறி அனுமதிக்காது. கீமோவுக்குப் பின் வரும் குமட்டலுக்கு ஒலான்சபைன் உதவுமா என்று அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். வழக்கமான குமட்டல் மருந்துகள் 380 பேருக்கும் கிடைத்தன. அதற்கு மேல் ஒரு பாதிக்கு ஒலான்சபைன், மறு பாதிக்குப் போலி மாத்திரை. முதல் நாள் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் ஒலான்சபைன் பெற்றவர்களில் 74 சதவீதம், மற்றவர்களில் 45 சதவீதம். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் தவித்தவரைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

நம்பிக்கை: நிறைய வெட்டி எடுத்தால்தான், நிறைய மருந்து ஏற்றினால்தான் நோய் போகும்.

உண்மை: மருத்துவர்களே பல தலைமுறை இப்படித்தான் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் வகுத்த முறைப்படி, மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அகற்றினார்கள். கை வீங்கி, தோள் அசையாமல் எத்தனையோ பெண்கள் வாழ்ந்தார்கள். அமெரிக்காவில் மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976இல் தொடங்கிய ஆய்வில் கட்டி 4 செ.மீ.க்கு மேற்படாத 1,851 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. சிலருக்குக் கட்டி மட்டும். சிலருக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைப்பதில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடில்லை. கட்டி மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 14.3 சதவீதம். ஆரம்ப நிலையில் வரும் பெண்கள் பலர் இன்று மார்பகத்தை இழக்காமல் வீடு திரும்புவதற்கு, முகம் தெரியாத அந்தப் பெண்கள் ஆய்வுக்குச் சம்மதித்தது ஒரு பெரிய காரணம்.

மருந்தின் அளவு பற்றி நம் நாட்டுச் சான்றும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு அது. குறைந்த அளவில் மாத்திரைகளாகத் தரும் சிகிச்சையோடு, ஒரு பிரிவுக்கு நிவோலுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் அது சேர்க்காத பிரிவில் 16.3 சதவீதம், சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம். முழு அளவுக்கு இது சமம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அந்த ஒப்பீட்டை அது செய்யவும் இல்லை. ஆனால் முழு அளவின் செலவை நினைத்தும் பார்க்க முடியாத குடும்பத்துக்கு இது பெரிய செய்தி. நம் நோயாளிகளுக்கான கேள்வியை நாமே கேட்டால்தான் இப்படி ஒரு பதில் கிடைக்கும்.

நம்பிக்கை: ‘பாலியேட்டிவ் கேர்’ பிரிவுக்கு அனுப்பினால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

உண்மை: பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பிரிவுக்கு, நோய் தெரிந்த சில வாரங்களிலேயே வழக்கமான சிகிச்சையோடு, வலியையும் மற்ற சிரமங்களையும் குறைக்கும் இந்த ஆதரவுச் சிகிச்சையும் தொடங்கினார்கள். 2010இல் முடிவு வந்தது. ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசிக் காலத்தில் கடும் சிகிச்சைகளும் குறைந்திருந்தன. வாழ்ந்த காலம், இடைநிலைக் கணக்கில், 11.6 மாதம், மற்ற பிரிவில் 8.9 மாதம். அந்தப் பிரிவுக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சேவை வீட்டுக்கே வருகிறது.

ஆய்வில் சேர்ந்தால் குணமாகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அப்படி யாராவது சொன்னால் அவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றபடி, படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். இது எத்தனையாவது கட்ட ஆய்வு, சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், எந்தச் செலவு யாருடையது, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்வது மருத்துவரின் கடமை. திருப்தி வரும்வரை கேளுங்கள்.