வாரண்டி வேலைக்குப் பின் வண்டி இழுக்கவில்லையா?

மளிகைக் கடைக்காரருக்கு மோட்டார் சைக்கிள் என்பது கடையின் ஓர் உழைப்பாளி. விடியற்காலையில் மண்டிக்கும், பகலில் வங்கிக்கும், மாலையில் வாடிக்கையாளர் வீட்டுக்கும் ஓடுவது அதுதான். அது மக்கர் செய்தால் வியாபாரமும் மக்கர் செய்யும்.

வாரண்டிக் காலத்தில் டீலரிடம் என்ஜின் வேலை பார்த்து வந்த வண்டி, முன்பைவிட மோசமாக ஓடுவதாகப் பல வணிகர்கள் குறைப்படுகிறார்கள். காலையில் கிளம்ப அடம் பிடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது என்கிறார்கள். இலவச வேலைதானே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இது இலவசம் அல்ல. வண்டி வாங்கிய விலையிலேயே இதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம். மூட்டைக்கு மூட்டை எடை பார்த்து இறக்கும் நாம், வண்டியை மட்டும் பார்க்காமல் வாங்கலாமா?

கை வைத்த இடத்தில் தேடுங்கள்

நேற்றுவரை இல்லாத கோளாறு வேலை பார்த்த மறுநாள் வந்தால், அந்த வேலையில் கழற்றி மாட்டிய இடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ஜினின் மேல்பாகத்தைத் திறந்திருந்தால் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1. டேப்பெட் இடைவெளி: பல சிறு வண்டிகளில் இது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். என்ஜின் ஆறிய பிறகே அளக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் 'டக் டக்' என்று சத்தம் வரும். குறைந்தால் சத்தம் வராது. ஆனால் வால்வு சரியாக மூடாமல் அமுக்கம் குறையும். சூடானபின் கிளம்பாது, நாளடைவில் வால்வே கருகிவிடும். சத்தமில்லாத கோளாறுதான் அதிகச் செலவு வைக்கும்.

2. காற்றுக் கசிவு: என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தால், ஐட்லிங் ஏறி இறங்கும், வண்டி திணறும், என்ஜின் அதிகம் சூடாகும். ஏர் ஃபில்டர் சரியாக உட்காராவிட்டால் தூசி உள்ளே போய்ப் பிஸ்டனைத் தேய்க்கும்.

3. ஸ்பார்க் பிளக்: அதன் முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். பிளக் மூடி இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. டைமிங் செயின்: ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இழுவை போய்விடும்.

5. கிளட்ச் கேபிள்: என்ஜின் அலறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால், குறை என்ஜினில் இல்லாமல் கிளட்சில் இருக்கலாம். கேபிளை அதிகமாக இழுத்துக் கட்டியிருந்தாலே கிளட்ச் நழுவும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையாகும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. இவற்றில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், ஏதாவது ஒரு சென்சாரின் வயரை மாட்ட மறந்திருக்கலாம். டீலரின் கருவியில் கோளாறு எண்ணைப் படிக்கச் செய்து, அதை எழுதி வாங்குங்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிஸ்டன் ரிங் மாற்றியிருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டர்கள் வண்டி சற்று இறுக்கமாக இருப்பது இயல்பு. அந்த நாட்களில் அரிசி மூட்டை ஏற்றி விரட்டக் கூடாது. ஆனால் நீலப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் குறைந்தாலோ அது இயல்பல்ல.

காகிதமே சாட்சி

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, பாரம் ஏற்றும்போதா என்று குறையை விவரமாக எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் அளவும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது என்னென்ன மாற்றினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். ஊழியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

குறை தொடர்ந்தால் வெளி மெக்கானிக்கிடம் என்ஜினைத் திறக்காதீர்கள். 'வேறு ஆள் கை வைத்துவிட்டார்' என்று டீலர் கைவிரிக்க அதுவே போதும். வாரண்டி முடிவதற்குள் டீலருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, தயாரிப்பு நிறுவனத்துக்கும் நகல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகவே நாளைக் கடத்தினால், வாரண்டி தேதி தாண்டியபின் செலவு நம் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய ஆணையத்திலேயே தரலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே வாங்கியது என்றால் பொருந்தும். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விலக்கு இருந்தது. அதை 1995இல் லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விளக்கிய உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும் நுகர்வோரே என்றது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் கூறியது. தானே கடை நடத்தி, தானே வண்டி ஓட்டும் சிறு வணிகர் இதைச் சுட்டிக்காட்டலாம். நிறுவனத்தின் பெயரில் பல வண்டிகள் வைத்திருப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

ஆணையத்தில் குறையை நிரூபிக்க வேண்டியவர் புகார் கொடுப்பவரே. ஆகவே ஜாப் கார்டுகளைக் கொள்முதல் பில்களோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய வேலையல்ல.