புது மோட்டார் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

ஏரியிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவனுக்கு மோட்டார் நின்றால் பிழைப்பும் நின்றது. வாங்கிய சில மாதத்திலேயே எஞ்சின் படுத்து, கம்பெனியோடு மல்லுக்கட்டிய ஆட்கள் நம் குப்பங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நியாயம் தன் பக்கம் இருந்தும், கையில் சீட்டு இல்லாமல் தோற்றவர்கள்தான் அதில் அதிகம். முதல் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

1. பில் உன் பெயரில் இருக்க வேண்டும். மச்சான் பெயரிலோ, கடன் கொடுத்த வியாபாரி பெயரிலோ போட்டுவிட்டு, பின்னால் நீ புகார் கொடுக்கப் போனால் ‘நீ யார்?’ என்பதுதான் முதல் கேள்வி. பங்குக்கு வாங்கினால் பங்காளிகள் எல்லார் பெயரும் பில்லில் ஏறட்டும். எஞ்சின் நம்பர் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே ஒத்துப் பார்.

2. வாரண்டி புத்தகத்தைப் பணம் கட்டுமுன் படி. உனக்குப் படிக்க வராவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போ. படகு மோட்டார் கம்பெனிகளில் பல, பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு ஒரு கெடுவும், தொழிலுக்கு ஓட்டுகிறவருக்கு அதைவிடக் குறைந்த கெடுவும் வைத்திருக்கின்றன. ‘இரண்டு வருஷம் கேரண்டி’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது நமக்கு உதவாது. ‘மீன்பிடித் தொழிலுக்கு இத்தனை மாதம்’ என்று எழுதி, முத்திரை வைத்து வாங்கு.

3. எண்ணெயில் மிச்சம் பிடிக்காதே. டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் பொதுவாக 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில். புது எஞ்சின் பழகும் முதல் 10 மணி நேரத்துக்குப் பல மாடல்களில் இதைப்போல் இரட்டிப்பு ஆயில் கேட்கும். அதுவரை முழு வேகம் முறுக்கக் கூடாது. பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் கலந்தால், கம்பெனி தேடிக்கொண்டிருந்த சாக்கை நீயே எடுத்துக் கொடுத்த மாதிரி. இன்னொன்று: இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் பல நாள் சும்மா கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். அந்தப் பெட்ரோல் உன் மாடலுக்கு ஆகுமா என்று டீலரிடம் எழுத்தில் கேள். பங்க் ரசீதுகளையும் எறியாதே.

4. நம் ஏரிக்கு ஆழம் கிடையாது. பல இடத்தில் இடுப்பளவுகூட இல்லை. அங்கே மோட்டாரை இறக்கி ஓட்டினால் அது தண்ணீரோடு சேற்றையும் மணலையும் உறிஞ்சும். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேயும், தண்ணீர் ஏறாது, எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மோட்டாரிலிருந்து பீச்சியடிக்கும் மெல்லிய நீர்த்தாரை மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ அந்த நொடியே எஞ்சினை அணை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவு. கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

5. இலவச சர்வீஸ் ஒன்றையும் தவறவிடாதே. தேதியும் முத்திரையும் புத்தகத்தில் விழ வேண்டும். ‘சர்வீஸ் விட்டுப்போயிற்று’ என்ற ஒரே வரியில் கம்பெனி கை கழுவிவிடும்.

6. எஞ்சின் நின்றுவிட்டால் திறக்காதே. ஊரில் எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக் இருந்தாலும் சரி, வாரண்டி காலத்தில் ஹெட்டைக் கழற்ற விடாதே. நின்ற நிலையிலேயே செல்போனில் வீடியோ எடு. எஞ்சின் நம்பரும் அதில் தெரிய வேண்டும். தயாரிப்பில் குறை என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். சோதித்தால்தான் தெரியும் என்ற குறையாக இருந்தால், நுகர்வோர் ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. வெளியாள் கை பட்ட எஞ்சினைச் சோதித்து என்ன பயன்?

7. ஜாப் கார்டு இல்லாமல் மோட்டாரை விட்டுவிட்டு வராதே. நீ சொன்ன குறை உன் சொல்லிலேயே அதில் ஏற வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கு. மோட்டார் கடையில் கிடந்த நாட்களில், ஏரியில் நீ வலை போட வேண்டிய பாடு முறை தவறியிருந்தால், அதை ஊர்ப் பெரியவர்களிடம் எழுதி வாங்கு. முந்தைய மாதங்களின் மீன் ஏலச் சீட்டுகளையும் சேர்த்து வை. நஷ்டஈட்டுக் கணக்குக்கு அவைதான் சாட்சி.

8. ‘தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று கம்பெனி வக்கீல் சொல்வார். பயப்படாதே. சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் மெஷின் வாங்கிய லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் பழைய சட்டத்தில் இருந்த இதே விதியை 1995-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கில் மெஷின் வாங்கியவர் தோற்றார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே படகில் நீ ஏறு. கரையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வைத்து மட்டும் ஓட்டினால் இந்தப் பாதுகாப்பு உனக்குக் கிடைக்காது.

9. கேட்பதை அளந்து கேள். மாருதி உத்யோக் வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான் பொறுப்பேற்கிறது, முழு வண்டியையும் மாற்ற அல்ல என்றது. எனவே பாகம் அல்லது எஞ்சின், பழுதுச் செலவு, பிழைப்பு நஷ்டம் என்று தனித்தனியாக எழுது. டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்.

10. கெடு 2 வருஷம். அதற்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபால் அனுப்பு. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசு. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீ குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க, பழைய துடுப்பையும் பாயையும் விற்றுவிடாதே.

வலைக்கு ஒதுக்கும் காசில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு மூன்றும் அதில் இருக்கட்டும். மோட்டார் வாங்கும் அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள்.